இடையில் செருகிய அட்டை

மங்கையர்க்கரசிக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவளுக்கு முப்பத்திரண்டு.

அணைகளுக்கு வெள்ளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆய்வு நிலையம் அது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. அங்கே எல்லாரும் போர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில்தான் புரோகிராம் எழுதுவார்கள். 'நாற்பதுக்குப் போ, இருநூற்றுப் பத்துக்குப் போ' என்று ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு ஒரே தாவல். ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் எழுதினவருக்கே தலை சுற்றும்.

மங்கையர்க்கரசி அதற்கு ஒரு வழி செய்தாள். 'இப்படி இருக்கும்வரை இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று மனுஷர் யோசிக்கிற வரிசையிலேயே எழுதிக் கொடுக்கலாம். அவள் செய்த புரோகிராம் அதைப் போர்ட்ரானாக மாற்றி, அட்டைகளில் ஓட்டை போட்டுத் தரும். மெஷின் அந்த அட்டைகளைப் படிக்கும்.

நாலு வருஷம் ஆயிற்று. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. "அந்தம்மா தனக்குத்தானே பேசிக்க ஒரு பாஷை கண்டுபிடிச்சிருக்கு" என்று கேன்டீனில் சிரித்தார்கள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சிரித்தார்கள். வலிக்காமல் இருக்குமா? வலித்தது. தானே எழுதி, தானே படித்து, தனியாக டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

அப்புறம் இஞ்சினியர் ஆரோக்கியசாமி மாற்றலாகி வந்தார். வந்த வாரமே ஒரு நோட்டுடன் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க டீச்சரம்மா."

கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை.

இரண்டு மாசம் கழித்து ஒருநாள் அவர் கேட்டார்.

"நான் பாடுபட்டு ஒழுங்கா எழுதுறேன். உங்க புரோகிராம் அதைத் திரும்பவும் தாவலா ஆக்கிடுது. நான் எழுதினதை மெஷின் பார்க்கிறதே இல்ல. அப்போ நான் யாருக்குத்தான் எழுதுறேன்?"

"பார்க்கலாம் சார்" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது செம்பாறை அணைக்கு. எவ்வளவு தண்ணீர் வந்தால் எத்தனை ஷட்டர் திறப்பது என்று ஒரு பட்டியல். அணைக்குக் கீழே பதினோரு ஊர் இருந்தது. மழைக்கு முன்னால் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். ஷட்டரைத் திறந்துவிட்டு அப்புறம்தான் நீர்மட்டத்தைப் பார்த்தது புரோகிராம். தேவையில்லாத நாளிலும் ஒரு ஷட்டர் திறந்துவிடும். ஆரோக்கியசாமி பழைய பழக்கத்தில், தாளில் எழுதியதைத் தொடாமல், நேராகப் போர்ட்ரான் அட்டைக் கட்டுக்கே போனார். 'மட்டம் குறைவானால் முந்நூறுக்குப் போ' என்று ஒரே ஒரு அட்டை அடித்து நடுவில் செருகினார். விடை சரியாக வந்தது. மறுநாள் மச்சினர் வீட்டுக் கல்யாணம். நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை அணையிலிருந்து போன் வந்தது. ஏழில் ஒரு ஷட்டர் பழுது, ஆறுதான் வேலை செய்யும் என்றார்கள். மங்கையர்க்கரசி அவர் தாளில் எழுதியிருந்ததில் ஏழு என்பதை ஆறு என்று மாற்றினாள். அவள் புரோகிராம் அதிலிருந்து புது அட்டைக் கட்டு போட்டுத் தந்தது. பழைய கட்டு குப்பைப் பெட்டிக்குப் போனது. பட்டியலை அச்சடித்து உறையில் போட்டு ஜீப்புக்கு அனுப்பினாள்.

வியாழன் காலையில் ஆரோக்கியசாமி சிரித்த முகமாக வந்தார்.

"பட்டியல் போயிடுச்சா?"

"இல்ல சார். நேத்து டிரைவர் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஓடிப்போய் ஜீப்பை மறிச்சேன்."

"ஏன்?"

"முதல்ல திறக்குது, அப்புறம்தான் பார்க்குது. நீங்க எழுதினதுல நாலாம் பக்கம்."

"அட, அதை நான் செவ்வாய்க்கிழமையே சரி பண்ணிட்டேனே!"

"எங்கே சார்?"

அவர் மேஜையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். குப்பைப் பெட்டியில் குனிந்து கிளறி, தான் செருகிய அட்டையை எடுத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பதினோரு ஊரு" என்றார்.

"ஆமா சார்."

அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"மெஷினுக்கு ஒழுங்காத்தான் சொன்னேன் டீச்சரம்மா. அதுவும் சரியான விடையைத்தானே கொடுத்துச்சு. நாலாம் பக்கத்தை நீங்க எப்போ பார்த்தீங்க?"

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அவர் இரண்டு மாசமாக எழுதிய தாள்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. சில தாள்களில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை.

"நாலு வருஷமா நான் எழுதினதை நானே படிச்சேன். இப்போ தினமும் டீ நேரத்துல நீங்க எழுதினதைப் படிக்கிறேன் சார். நேத்து நாலாம் பக்கம். தப்பைப் பார்த்ததும் மெஷின்கிட்ட சொல்லிட்டு, எங்கிட்ட சொல்லாமப் போயிட்டீங்களே."