ஒரு முறம் தவிடு

“தாயே, இந்தப் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கிக்குங்க.”

கேட்டவர் பிச்சை. வயது எழுபத்தொன்று. மடியில் பேத்தி, பிறந்து நாற்பத்தைந்து நாள். பக்கத்தில் முறம் நிறையத் தவிடு, விலையாகத் தருவதற்கு அவரே கொண்டுவந்தது.

செங்கமலத்தாய்க்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த மலை மடத்தில் அவர்தான் குரு.

“எதுக்கு?”

“முந்தி ரெண்டு போயிடுச்சு தாயே. இதுவும் போனா என் மருமக தாங்கமாட்டா. தவிட்டுக்கு வித்த பிள்ளைன்னா எமன் சீண்டமாட்டான். குப்பம்மான்னு பேரும் வச்சிடுங்க.”

“உங்களுக்குப் பிச்சைன்னு வச்சதும் அதுக்குத்தானா?”

“பின்னே? அதனாலதான் பிழைச்சேன்!”

“கூடப் பிறந்தவங்க?”

“ஆறு பேர். ஒண்ணும் தங்கலை.”

“அவங்க பேரு?”

“குப்பன், மண்ணாங்கட்டி, தவிடன்...”

பிச்சை நிறுத்திவிட்டார். எழுபது வருஷமாக அவருக்குத் தெரிந்த பெயர்கள்தான். அடப் பாவமே, ஒருநாளும் யோசித்ததில்லை மனுஷர்.

“அப்போ நீங்க எப்படித் தப்பிச்சீங்க?”

பிச்சை துண்டை விலக்கினார். தோளில் வட்டமாகத் தழும்பு.

“அவங்களை அம்மை கொண்டுபோச்சு. எனக்கு மட்டும் அம்மை குத்தினாங்க.”

“பேரப்பிள்ளைங்க ரெண்டும்?”

“பேதி.”

“என்ன தண்ணி குடுத்தீங்க?”

“மடத்துச் சுனைத் தீர்த்தம்தான். காய்ச்சவே இல்லை. காய்ச்சினா சக்தி போயிடுமே!”

செங்கமலத்தாய்க்கு முகம் சிவந்தது. எழுந்தார். தீர்த்தக் குடத்தைத் தூக்கிப்போய் மடைப்பள்ளி அடுப்பில் வைத்துத் தீயை மூட்டினார்.

தீர்த்தம் வாங்க வரிசையில் நின்றவர்கள் பதறினார்கள். “அபசாரம்! அபசாரம்!”

“பாவமெல்லாம் என் தலையில போடுங்க. இனிமே காய்ச்சாத தண்ணி இந்த மடத்துல ஒரு சொட்டு கிடையாது. பிடிக்காதவங்க போகலாம்.”

பாதிப் பேர் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

“தாயே, தவிடு?”

“வெல்லம் போட்டு இடிச்சு உங்க மருமகளுக்குக் குடுங்க. மாசமா இங்கே வந்தப்பவே பார்த்தேன், எலும்பும் தோலுமா இருந்தா அவ.”

பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டு மலையிறங்கினார். பிச்சை பின்னாலேயே ஓடினார்.

அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் தடுப்பூசி அட்டையை எடுத்தாள்.

“பிள்ளை பேரு?”

“மகாராணி,” என்றார் தாய்.

பிச்சை வாசலைத் திரும்பிப் பார்த்தார். “மெதுவா, தாயே! எமன் காதுல விழப்போகுது!”

“விழட்டும். நீங்க ஒருதரம் சொல்லுங்க.”

ஊசி ஏறியது. பிள்ளை வீல் என்று கத்தியது.

பிச்சை அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

“மகாராணி!”