தொடர்பற்றவை

முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான். மாடிப்படி திரும்பும் இடத்திலேயே அது தவமணியின் காதில் விழுந்துவிட்டது. ஒருத்தி அடக்க மாட்டாமல் சிரிக்க, கூடவே ஒருத்தன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். கதவைத் தள்ளிய பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். பெனிட்டாவும் கோகுலவாணனும். இருவரும் முதுகலை மாணவர்கள். அவருடைய ஆய்வுக்காகக் கருத்துகளைப் படித்துத் தரம் பிரித்துக் கொடுப்பவர்கள்.

தவமணி ஐம்பதைத் தாண்டியவர். வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு பல்கலைக்கழகத்தில் வந்து உட்கார்ந்தார். ஓர் அணையில் படகு கவிழ்ந்து பலர் செத்துப்போனதைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஓர் இணையச் செய்திப் பக்கத்தின் கீழே ஜனங்கள் எழுதியதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, செய்தி வந்தவரை என்ன பேசினார்கள், செய்தி நின்றதும் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது வேலை.

முடிவும் கிடைத்துவிட்டது. செய்தி அடங்கினால் பேச்சு அடங்கிவிடுகிறது. மக்கள் மறந்துவிடுகிறார்கள். வரைபடத்தில் கோடு விறுவிறுவென்று ஏறி, சரிந்து, தரையில் படுத்துவிடும். அந்தப் படுத்த கோட்டை நம்பித்தான் பட்டம். நீட்டித்துக் கொடுத்த அவகாசமும் தீர்ந்துபோய், இந்த வாரம் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் பதிவே ரத்து என்கிற நிலை.

பிள்ளைகள் இருவரும் ஒரே கருத்தைத் தனித்தனியாகப் படிப்பார்கள். கோபம், இரக்கம், கேலி, தொடர்பற்றது என்று ஏதாவது ஒரு கட்டத்தில் போடுவார்கள். பிறகு இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பெனிட்டா கோபம் என்று போட்டதை வாணன் கேலி என்று போட்டிருப்பான். அடிபிடிதான். ஒரே ஓர் ஆள் விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

மாசானம் என்று பெயர். கிரிக்கெட்டோ, தங்க விலையோ, நடிகை கல்யாணமோ, எந்தச் செய்தியானாலும் கீழே ஒரே வரிதான். 'செருப்பு கிடைச்சிருச்சு. பையன் இன்னும் கிடைக்கல.'

ஒரே வரியைச் சலிக்காமல் போடுவது மனுஷன் இல்லை, எங்கோ யாரோ ஓட்டிவிட்ட மெஷின். இந்தத் துறையில் அது பழகிப்போன தீர்ப்பு. இருவரும் யோசிக்காமல் தொடர்பற்றது என்று போட்டார்கள். தவமணியும் அத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். செருப்பு மெஷின் என்று பிள்ளைகள் அதற்குப் பேர்கூட வைத்திருந்தார்கள். தனியாகப் பேசிக்கொண்டு போகிறவனைப் பைத்தியம் என்று சொல்லிப் பழகிய உலகம்தானே.

"சார், நம்ம மெஷின் இன்னைக்குப் புதுசா ஒண்ணு பேசியிருக்கு" என்றாள் பெனிட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த செய்தி. அதன் கீழே மாசானம். தவமணி வாய்விட்டுப் படித்தார்.

"அணையில எடுத்த செருப்பு. இப்ப இருந்தா அவனுக்குப் பத்தாது."

மேஜையைத் தட்டுவது நின்றது. வாணன், மெஷினுக்கு எப்படி சார் பிள்ளை வளருது என்று கேட்டான். அவன் அதைக் கேலியாகக் கேட்கவில்லை.

தவமணி வழிகாட்டியின் அறைக்குப் போனார். பேராசிரியர் அமலி அவரைவிட வயதில் சின்னவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். அமலி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தவமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தள்ளியதைத் திரும்பச் சேர்த்தால் கோடு படுக்காது, நூல்மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், ஆய்வின் முடிவே விழுந்துவிடும் என்றார். ஒரே ஆள் ஓயாமல் எழுதினால் அது ஒரு கருத்தா, ஓராயிரம் கருத்தா என்று கேட்டார்.

"அந்த ஆளு முதல்ல எழுதின வரியைச் சொல்லுங்க."

"செருப்பு கிடைச்சிருச்சு. பையன் இன்னும் கிடைக்கல."

அமலியின் பேனா அப்படியே நின்றது. "ஐயோ பாவம்" என்றார். "இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார். அமலி ம் என்று தாளைப் புரட்டினார்.

"இன்னொரு தரம்."

சொன்னார். பசங்க கையெழுத்தைப் பாருங்க சார், கோழி கிளறின மாதிரி என்றார் அமலி.

"நிறுத்தாதீங்க. சொல்லுங்க."

தவமணி சொன்னார். மின்விசிறி ஆடுகிறது, யாரிடம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை என்று அமலி குறைப்பட்டுக்கொண்டார். தவமணி சொன்னார். கேன்டீனில் இன்றைக்கு வடை உண்டா என்று அமலி விசாரித்தார். தவமணி சொன்னார். அமலி தலை நிமிரவே இல்லை. மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

தவமணியும் ஒரு பெண்ணைப் பெற்றவர். கடைசியில் ஒரு தடவை, அமலி கேட்காமலே, அந்த வரி தானாக அவர் வாயிலிருந்து வந்தது.

அப்போதுதான் அமலி நிமிர்ந்தார்.

"எத்தனாவது தடவையில சார் இது தொடர்பில்லாததாச்சு?"

தவமணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆனாலும் ஆய்வாளன் புத்தி சும்மா இருக்காதே.

"அப்ப அவரை எப்படி மேடம் எண்ணுறது? ஒருத்தராவா, கூட்டமாவா?"

"எப்படி வேணும்னாலும் எண்ணிக்கோங்க" என்றார் அமலி. "அத்தனை இடத்துல போய் எழுதியிருக்காரே, ஒரு இடத்துலயாவது அவருக்கு யாராவது பதில் சொல்லியிருக்காங்களா? அதை மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அதைப் பார்க்கவேண்டும் என்று தவமணிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தள்ளிய குவியலைத் தன் மடிக்கணினியில் திறந்தார். இந்த வாரத்துக்குள் முடிகிற வேலை இல்லை அது. அவருக்கும் தெரியும், எதிரில் இருந்தவருக்கும் தெரியும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

அமலி அடுத்த விடைத்தாளை எடுத்தார்.