செவ்வாய் நகர்ந்ததும் கல்யாணம்

கொண்டைக்காரன்பட்டியில் யாரும் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை. அந்த ஊருக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

அங்கே குருநாதன் மகள் பேச்சியம்மாளுக்குச் செவ்வாய் தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். கடைசியாக வந்த முனியசாமி மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் மகன் முத்திருளனுக்குப் பேச்சியைப் பிடித்துவிட்டது. பேச்சிக்கும் அவனைப் பிடித்திருந்தது.

"செவ்வாய் அந்த இடத்தவிட்டு நகரட்டும். மறுநாளே தாலி கட்டிரலாம்" என்றார் முனியசாமி.

எப்போது நகரும் என்று கேட்க, பேச்சியின் தாய்மாமன்கள் மூவரும் டவுனுக்குப் போய்க் கல்லூரி வாத்தியார் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் பொறுமையாகச் சொன்னார்: கோள்கள் சுற்றும் பாதை லட்சக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல மாறும். மற்ற கோள்கள் இழுக்கும் இழுப்பையும் பார்க்க வேண்டும். முக்கியமாக, அளவில் வரக்கூடிய பிழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூவரும் அப்படியே செய்தார்கள். ஊர்ச் செக்குமாட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசிச் செவ்வாய் ஆக்கினார்கள். மாடு சுற்றியது. வியாழன் இழுக்க வேண்டுமே என்று மூத்தவர் சடையப்பன் கொம்பில் கயிறு கட்டி இழுத்தார். சனிக்காக நடு மாமன் கோட்டைச்சாமி வாலைப் பிடித்து இழுத்தார். செவ்வாய் உதைத்த உதையில் சனி எண்ணெய்ச் சட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

மாடு பாதையைவிட்டு விலகியது உண்மைதான். இனி பிழை ஒன்றுதான் பாக்கி.

"யாரு பிழையைச் சேர்க்கிறது?" என்றார் கடைசி மாமன் தவசி.

"மூத்தவன் நான் இருக்கும்போது நீ பண்ணுவியாக்கும்?" என்று சடையப்பன் ஏழும் எட்டும் பதின்மூன்று என்று எழுதினார்.

"நல்ல பிழைதான் அண்ணே. ஆனா சின்னதா இருக்கு" என்று கோட்டைச்சாமி அதன் பின்னால் இரண்டு சைபர் போட்டார். கடைக்குட்டி என்று தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து தவசி இன்னும் மூன்று சைபர் போட்டார். யார் மனசும் நோகவில்லை.

இரு வீட்டாரும் கூடியிருக்க, முடிவைச் சொன்னார்கள். பேச்சி கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பதிமூணு லட்சம் வருஷமா மாமா?"

"அவசரப்பட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்காத தாயி" என்றார் சடையப்பன்.

அவள் முத்திருளன் முகத்தைப் பார்த்தாள். "நான் காத்திருப்பேன்" என்றான் அவன்.

முனியசாமி வெகுநேரம் மோவாயைத் தடவினார். நல்ல காரியத்துக்குப் பொறுமை வேண்டும் என்று கடைசியில் சம்மதித்தார். வெற்றிலைத் தட்டை மாற்றப்போகும் சமயத்தில், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த தவசி கையை உயர்த்தினார். கணக்குப்படி செவ்வாய் நகர்வது ஆடி மாதத்திலாம்.

"ஆடியில எப்படிக் கல்யாணம் வைக்கிறது? ஆவணிக்குத் தள்ளிருவோம்" என்றார் சடையப்பன்.

முனியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பதிமூணு லட்சம் வருஷத்துக்கு ஒத்துக்கிட்டேன். அதுக்கு மேல ஒரு மாசமுன்னா எப்படி? என் பையனுக்கு இப்பவே முப்பத்திரண்டு வயசு."