போயிட்டு வாரேன்

சவரிமுத்துவின் குரலை ஒரு குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, தேர்தல், கோயில் கொடை விழா, ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று ஊர் ஊராய் முழங்கிய குரல். அது நுழையாத சந்து அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அந்தக் குரலை நம்பித்தான், ஐம்பத்தோரு வயதில், கடற்கரை ஊரின் சமுதாய வானொலிக்கு வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவள் ஜெனிட்டா. வயது இருபத்தாறு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். காலை நிகழ்ச்சியை மூன்று நாள் பேசிப் பார்க்க வேண்டும். தேறினால் அந்த நேரம் அவருக்கு. தேறாவிட்டால் வேறு ஆளுக்கு.

இரண்டு நாள் ஓடிவிட்டது. கேட்டவர்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

"எங்க தப்பு பண்றேன் டீச்சர்? உச்சரிப்பா, வேகமா?"

"ரெண்டும் சுத்தம்ணே."

"பிறகென்ன? ஒளிக்காமச் சொல்லுங்க. எனக்கு இது வேணும். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு. வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. ஜெனிட்டா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வாங்கண்ணே, ஒரு வீடு வரைக்கும்."

செபஸ்தியம்மாள் தனியாள். ஓலைப்பெட்டி முடைகிறவள். ஆணியில் ரேடியோ தொங்கியது. காலையில் பேசியதை மத்தியானம் மறுபடி போடுவார்கள். முதலில் வந்தது ஜெனிட்டாவின் நிகழ்ச்சி. கடைசியில் ரேடியோ சொன்னது:

"அப்ப நான் போயிட்டு வாரேன்."

"சரி தாயி, வா," என்றாள் செபஸ்தியம்மாள், ரேடியோவைப் பார்த்து. அசல் ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள், இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை! சவரிமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்தது அவருடையது.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே!"

செபஸ்தியம்மாள் ஓலையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கட்சிக்காரன்னு தெரியலையே! அதுக்குள்ள ஆட்டோ போயிருச்சா?"

"ஆட்டோ இல்லம்மா, ரேடியோதான்," என்றாள் ஜெனிட்டா.

சவரிமுத்துவின் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கடைசியில் "நன்றி, வணக்கம்!" என்று அவர் குரல் முழங்கியதும், செபஸ்தியம்மாள் எழுந்து ரேடியோவை அணைத்தாள். 'சரி, வா' என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஜெனிட்டா கேட்டாள்.

"காலைல வீட்டுல இருந்து கிளம்பும்போது என்ன சொல்லிட்டு வருவீங்கண்ணே?"

"யாருகிட்டச் சொல்ல? பூட்டிட்டு வந்துருவேன்."



மூன்றாம் நாள் காலை. மைக் முன்னால் உட்கார்ந்தவர் அதைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, "அக்கா, ஓலை நனையப் போட்டாச்சா?" என்று ஆரம்பித்தார். வந்தது மைக் குரல் இல்லை, வீட்டுக் குரல். அதைக் கேட்டு அவருக்கே ஒரு வருஷமாகியிருந்தது. காற்று, மீன், பள்ளிக்கூடம் என்று பேச்சு அதுபாட்டுக்குப் போனது.

முடிக்கும்போது 'நன்றி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"அப்ப நான்... போயிட்டு வாரேன்."



வெளியே வந்தார். போன் இன்றைக்கும் சும்மாதான் கிடந்தது.

"ஒருத்தரும் கூப்பிடலையே டீச்சர். நான் தேறினேனா இல்லையா?"

"அதை எங்கிட்டக் கேக்காதீங்கண்ணே," என்றாள் ஜெனிட்டா. "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுல்ல வந்திருக்கீங்க. நாளைக்கு வரலேன்னா அந்த வீட்டுல தேடுவாங்க."