பாக்கெட்டில் இருந்த கட்டை

கோபத்தோடு தொழில் படிக்க வருகிறவர்களை எஸ்தர் டீச்சர் வாசலிலேயே கண்டுகொள்வார். செருப்பை உதறுகிற விதத்தில் தெரிந்துவிடும். சுடலைமணி உதறிய உதறலில் ஒரு செருப்பு கொட்டகைக்குள்ளேயே வந்து விழுந்தது.

"எதுக்கு வந்திருக்கீங்க அண்ணாச்சி?"

"வயரிங் படிக்க."

"அது வெளிய போர்டுலயே எழுதியிருக்கு. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா நிக்கேன். மீசை முளைக்காத பயலெல்லாம் 'யோவ்'ங்கான். சர்டிபிகேட் இருந்தா ஆஸ்பத்திரி கட்டுற காண்ட்ராக்டர் வேலை தாரேன்னு சொல்லியிருக்காரு. போதுமா?"

"போதும். செருப்பைக் கால்ல மாட்டிக்கிடுங்க. இங்க வெறுங்காலோட யாரும் நிக்கக் கூடாது."

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. சுடலைமணிக்கு ஐம்பத்து மூன்று. செருப்பைக் கழற்றியதற்குத் திட்டு வாங்கிய முதல் வகுப்பு அதுதான். முகம் கடுகடுக்க மாட்டிக்கொண்டு உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெஞ்சில் வெங்கடபதி உட்கார்ந்திருந்தார்.

மில் ஓடிய காலத்தில் வெங்கடபதி, ஆட்களின் வருகையும் லீவும் எழுதுகிற டைம் ஆபீஸில் இருந்தவர். சுடலைமணி ஸ்பின்னிங்கில் மெஷின் ஓட்டியவர். மனைவி கோமுவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று லீவு சொல்லிவிட்டு சுடலைமணி பாளையங்கோட்டை போனார். லீவு சொன்னது வெங்கடபதியிடம்தான். திரும்பி வந்தபோது வெங்கடபதி மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்.

"மெஷின் நிக்கக் கூடாதுல்லா சுடலை. உம்ம இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

சொல்லிவிட்டு மோர்மிளகாயைக் கடித்தார். அந்தச் சத்தம் சுடலைமணியின் காதைவிட்டுப் போகவே இல்லை. பிறகு மில்லும் மூடிற்று. வெங்கடபதியின் நாற்காலியும் போயிற்று. அதில் சுடலைமணிக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். ஏனோ கிடைக்கவில்லை. எல்லாருக்கும் போனது வேறு, தன்னை மட்டும் தூக்கிப் போட்டது வேறு என்றே அவருக்குப் பட்டது.

வகுப்பில் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஒருவர் ஏணியில், ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் இவர்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார்.

"டீச்சர், என்னை வேற ஆளோட போடுங்க."

"ஏன்?"

"அவனைப் பாத்தாலே கை நடுங்குது."

டீச்சர் அவர் கையைப் பார்த்தார்.

"நடுங்கத்தான் செய்யுது. அப்ப நீங்க இன்னைக்கு ஏற வேண்டாம். ஏணியைப் பிடிங்க."

"அவன் ஏறுவான், நான் பிடிக்கணுமா?"

"ஆமா."

"கையை விட்டுட்டேன்னா?"

"விட்டா விழுவாரு."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெங்கடபதி ஏறினார். ஐந்தாவது படியில் நின்று, கீழே பார்க்காமலே கேட்டார்.

"கெட்டியாப் பிடிச்சிருக்கீரா?"

"ஏறுடா."

சுடலைமணி விடவில்லை. ஏன் விடவில்லை என்று வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை அது. அதற்கு ஒரே ஒரு மெயின் ஃபியூஸ். யார் எந்த இடத்தில் கம்பியைத் தொட்டாலும் அந்தப் பீங்கான் கட்டையை உருவிவிட்டுத்தான் தொட வேண்டும். உருவினால் கொட்டகை முழுக்க மின்விசிறி நின்றுவிடும். உருவிய கட்டையை எங்கே வைப்பது என்பதில் டீச்சர் கறாராக இருந்தார்.

"மேசையில வைக்காதீங்க. ஜன்னல்ல வைக்காதீங்க. ஏறுறவர் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஏறணும். இறங்கி வந்து அவரே மாட்டணும். அவர் மேல இருக்கையில வேற யாரும் கரண்டை விட்டுறக் கூடாது."

"உங்ககிட்ட தந்தா என்ன டீச்சர்?" என்று வெங்கடபதி கேட்டார். எதையும் ஒரு மேலதிகாரியிடம் ஒப்படைத்துப் பழகிய மனுஷன்.

"எனக்கும் மறதி உண்டு சார்."

"பூட்டி வச்சா?"

"பூட்டை இன்னொருத்தர் திறப்பாரு."

சுடலைமணிக்கு அதில் ஒரு குரூரமான திருப்தி. தான் ஏறுகையில் வெங்கடபதி கையில் எதுவும் இல்லை. தன் சட்டைப் பையில் இருக்கிறது. ஏறும்போது வேண்டுமென்றே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு. சித்திரை வெயில். தகரம் பொரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக ஏறி, புது மின்விசிறிக்கு இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்ட வேண்டும். சுடலைமணி கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். வெங்கடபதி ஏணியைப் பிடித்தார்.

கம்பியின் தோலைச் சீவியபோது கத்தி ஆழமாக இறங்கிவிட்டது.

"ரெண்டு இழை போச்சு," என்றார் டீச்சர் கீழேயிருந்து. "அந்த நுனியை வெட்டிட்டு மறுபடி சீவுங்க."

வெட்டினார். சீவினார். மறுபடி இழை போயிற்று. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"மறுபடி."

கீழே எல்லாரும் கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெங்கடபதி வாயைத் திறந்தார்.

"டீச்சர், இவரை இறக்கிட்டு வேற ஆளை ஏத்துங்க. இவர் ஒருத்தருக்காக இத்தனை பேரும் வேகுதோம்."

ஏணி ஒருமுறை ஆடியது. மேலே இருந்தவர் திரும்பியதால் ஆடியது.

"என்னலே சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். வராதவனை இறக்கிட்டு வாரவனை ஏத்தணும்."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்ன."

"அன்னைக்கும் உள்ளதைத்தான் சொன்னேன்."

சுடலைமணி எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வெங்கடபதியின் சட்டைக் காலர் கைக்குள் இருந்தது.

"எம் பொண்டாட்டி அங்க வயித்தைக் கிழிச்சுப் போட்டுக் கிடந்தா. உங்கிட்ட சொல்லிட்டுத்தானடா போனேன்."

"சொன்னீரு. நான் மேல சொன்னேன். மேல உள்ளவன் ஆளைப் போடுன்னான். நான் போடலைன்னா எஞ் சேருக்கு ஆள் போட்டிருப்பான். காலரை விடும்."

"அந்த மெஷின் ஒரு வாரம் நின்னா மில்லு முங்கிருமாடா?"

"அதை எங்கிட்ட ஏன் கேக்கீரு? நான் என்ன மொதலாளியா?"

சுடலைமணி காலரை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். மூச்சு இரைத்தது.

"கேட்டீங்கள்ல டீச்சர்? நீங்களே சொல்லுங்க. இதுல யார் பக்கம் நியாயம்?"

டீச்சர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒரு கம்பி மொட்டையாத் தொங்குது அண்ணாச்சி."

அதோடு சுடலைமணிக்குப் பொறுமை அற்றுவிட்டது.

"நியாயம் கேட்டா கம்பியைக் காட்டுதீங்க. நாலு பேருக்கு முன்னால ஒரு பொம்பளைகிட்ட வந்து கையைக் கட்டிட்டு நின்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும். உங்க கம்பியும் வேண்டாம், சர்டிபிகேட்டும் வேண்டாம். எல்லாரும் நல்லா இருங்க."

வண்டியை உதைத்துக் கிளப்பினார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று தெருமுனை வரை காது பின்னாலேயே இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனபோது சட்டைப் பையில் கட்டை தட்டுப்பட்டது.

ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு சிரித்தார். வேகட்டும் என்று நினைத்தார். காலர் கசங்கிய அந்த மனுஷனும் சேர்ந்து வேகட்டும். தண்டவாளத்தில் வீசிவிடலாமா என்று கையை ஓங்கவும் செய்தார். கேட் திறந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் கோமு சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சீக்கிரம் வந்தவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"பரீட்சை புதன்கிழமைதான?"

"போகல."

"அப்ப மண்டபந்தானா?"

"மண்டபந்தான்."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, அவர் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"இது என்னது, ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி?"

"ஃபியூஸ் கட்டை. கொட்டகையோடது."

"இது இல்லாம அங்க கரண்டு எப்படி?"

"வேற மாட்டியிருப்பாங்க. அலமாரி நிறையக் கிடக்கு. எடுத்து மாட்ட எவ்வளவு நேரமாகும்?"

சொல்லிவிட்டுச் செம்பை எடுத்தார். தண்ணீர் குடித்தார். எடுத்து மாட்ட எவ்வளவு நேரமாகும். தான் வண்டியை எடுத்த உடனே மாட்டியிருப்பார்கள். அடுத்த ஆள் ஏறியிருப்பான். மின்விசிறி ஓடியிருக்கும். வெங்கடபதி காற்று வாங்கிக்கொண்டு 'பாத்தீங்களா' என்று சொல்லியிருப்பான். டீச்சர் அடுத்தவனிடம் 'மறுபடி' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தான் யாரை வேகவைத்ததாக நினைத்துச் சிரித்தோம் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபம் இரட்டிப்பாயிற்று. டீச்சர் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

"கட்டிங் பிளேயரை ஏணியிலயே விட்டுட்டு வந்துட்டேன்," என்றார்.

"போய் எடுத்துட்டு வாங்க."

"அதுக்குத்தான் போறேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

வகுப்பு ஒரு மணிக்கே முடிந்துவிடும். யாரும் இருக்கப் போவதில்லை. கட்டையை மேசைமேல் விட்டெறிந்துவிட்டு, பிளேயரை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியது. மூன்று மணிக்குமேல் போனார்.

கொட்டகை வாசலில் வண்டிகள் அப்படியே நின்றன.

உள்ளே சத்தம் இல்லை. சுவரோரமாக எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தையல்கடை செல்லக்கனி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். மின்விசிறிகள் நின்றிருந்தன. மொட்டைக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. ஏணி போட்ட இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் ஒரு கையை ஏணியில் வைத்தபடி வெங்கடபதி நின்றுகொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"வந்துட்டாரு தொரை," என்றார் வெங்கடபதி. "சாப்பாடெல்லாம் ஆச்சா? இன்னைக்கு என்ன, ரசமா?"

சுடலைமணி அவரைப் பார்க்கவில்லை. நேராக டீச்சரிடம் போய்க் கட்டையை நீட்டினார். டீச்சர் கையை நீட்டவில்லை.

"அலமாரியில வேற கட்டை இல்லையா?"

"இருக்கு."

"பின்ன ஏன் மாட்டலை?"

செல்லக்கனிதான் சொன்னாள்.

"ஏணிகிட்ட நிக்காரே, அந்தச் சாரு எடுக்கப் போனாரு. டீச்சர் அலமாரியைப் பூட்டிட்டாங்க. போறவங்க வீட்டுக்குப் போங்கன்னும் சொல்லிட்டாங்க. எங்க முறையே இன்னும் வரலையே, எப்படிப் போறது?"

"என் மேல உள்ள கோவத்தை இவங்க மேல காட்டுதீங்களா?" என்றார் சுடலைமணி.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்கு," என்றார் டீச்சர். "அது வேற. அதை அப்புறம் பேசிக்கிடலாம்."

"அப்ப எதுக்கு இந்த நாடகம்? நான் சொல்லிட்டுத்தான போனேன், வர மாட்டேன்னு."

"சொன்னீங்க."

"வண்டியை எடுத்துட்டுப் போனதை எல்லாரும் பாத்தீங்க."

"பாத்தோம்."

"இங்க நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

டீச்சர் அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு சுடலைமணியின் கையில் இருந்த கட்டையைப் பார்த்தார்.

"கட்டை வரலையே அண்ணாச்சி. நீங்க ஏணியிலதான் இருக்கீங்க."