மின்னியின் மூங்கில் குழல்

மின்னி என்ற புள்ளிமானை ஓட்டத்தில் முந்த அந்தக் காட்டில் யாருமே இல்லை. ஐந்து ஆண்டுகளாகப் புல்வெளிப் பந்தயத்தின் வெற்றி மாலை அவளுக்குத்தான். ஆறாம் ஆண்டு, எல்லைக்குப் பத்தடி முன்னால் கண் இருண்டு தொப்பென்று விழுந்தாள்.

"கல் தடுக்கிவிட்டது!" என்று எல்லோரிடமும் சொன்னாள். அங்கே கல்லே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விழுவதற்கு முன் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. அது என்ன?

வைத்தியர் கரடியாரிடம் போனாள். அவர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"வெளியே ஒன்றும் தெரியவில்லை அம்மா. இனி ஓடாதே."

"உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாதா?"

"நல்ல கேள்வி போ!" என்று கரடியார் சிரித்துவிட்டார்.

மின்னி ஓட்டத்தை விட்டாள். கேள்வியை விடவில்லை.

ஒரு நாள் கொத்தன் என்ற மரங்கொத்தி, பட்டையைத் தட்டித் தட்டிப் புழு தேடுவதைப் பார்த்தாள்.

"மரத்துக்குள் புழு இருப்பது உனக்கு எப்படித் தெரிகிறது?"

"தட்டுவேன், கேட்பேன், அவ்வளவுதான் அக்கா!"

மின்னி துள்ளிக் குதித்தாள். "பார்க்க முடியாவிட்டால் என்ன? கேட்கலாமே!"

நெஞ்சொலியைக் கேட்க, உள்ளே துளையுள்ள பப்பாளி இலைத் தண்டை வைத்துப் பார்த்தாள். இரண்டே நாளில் வாடிவிட்டது. மூங்கிலை எடுத்தாள். கணு அடைத்தது. கொத்தன் கணுவைக் குடைந்து கொடுத்தான். முனையில் காய்ந்த விளாம்பழ ஓட்டைப் பொருத்தியதும், ஆகா! முயலின் நெஞ்சு படபடவென்று அடிப்பது கேட்டது. யானையின் நெஞ்சு நிதானமாகத் தும்... தும்... என்றது.

"இப்போது என் நெஞ்சைக் கேள்" என்றாள் மின்னி.

கொத்தன் கேட்டான். அவன் முகம் மாறியது. "அக்கா, நடுநடுவே ஓர் அடி தவறுகிறதே!"

"யாரிடமும் சொல்லாதே" என்றாள் மின்னி.

அடுத்த பந்தயம் வந்தது. ஓடப் போகிறவர்களின் நெஞ்சை மின்னி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கோடன் என்ற கடமானிடம் வந்ததும் திடுக்கிட்டாள். அதே தடுமாற்றம்!

"கோடா, இன்று நீ ஓடாதே!"

"பொறாமை! நீ தோற்ற இடத்தில் நான் ஜெயிக்கக் கூடாதா?" என்று கோடன் சீறினான். கூட்டம் சிரித்தது.

மின்னி பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. பந்தயம் பார்க்க வந்திருந்த கரடியாரின் கையில் குழலைக் கொடுத்தாள்.

"வைத்தியரே, முதலில் என் நெஞ்சைக் கேளுங்கள். பிறகு அவனுடையதை."

கரடியார் வேண்டாவெறுப்பாகத்தான் காதை வைத்தார். இரண்டாம் முறை, கோடனின் நெஞ்சில் வைத்தபோது கண்களை அகல விரித்தார். "இரண்டும் ஒரே மாதிரி தவறுகிறதே!"

"அன்று கல் எதுவும் தடுக்கவில்லை" என்று மின்னி எல்லோரும் கேட்கச் சொன்னாள். "என் நெஞ்சுதான் இடறியது. வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். நான் பிழைத்தது என் அதிர்ஷ்டம். உனக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது, கோடா!"

கோடன் தலை குனிந்தான். "நேற்று மேடு ஏறும்போது எனக்கும் கண் இருண்டது. பயத்தில் மறைத்துவிட்டேன்" என்று முனகினான். மெல்லத் தொடக்கக் கோட்டிலிருந்து விலகி நின்றான்.

மறுநாள் மின்னியின் மரத்தடியில் நீண்ட வரிசை. "என் நெஞ்சையும் கேள்!" "எனக்கும் ஒரு குழல் வேண்டும்!" கொத்தன் தன் கூட்டத்தையே அழைத்து வந்து கணு குடைய வைத்தான். மலைக்கு அப்பாலும் குழல்கள் போயின. புதிய குழல்களில் முதலாவதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் கரடியார்தான்.

தன் குறையை மூடி மறைக்காமல், அது ஏன் என்று தேடத் துணிந்தவரே பிறர் உயிரையும் காக்க வல்லவர் ஆவார்.