வெள்ளைக்கல் ஆலைக்குப் பரிகாரம்

சபாநாதன் வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் ஆலை நடத்திவந்தார். நீலாம்பிகை அம்மா அவருடைய குரு. வயதில் அவரைவிடப் பத்து வருஷம் சின்னவர். பொறுமையும் கொஞ்சம் குறைச்சல்.

"ஆலையில ரெண்டு பேர் இருமி இருமியே போய்ச் சேர்ந்துட்டாங்க, அம்மா. இப்போ செங்கமலமும் இரும ஆரம்பிச்சுட்டா. என்ன தோஷமோ தெரியல."

"தூசிக்கு என்ன செஞ்சீங்க?"

"தினம் சாயங்காலம் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம். ஒருநாள் தவறினதில்லை. நெஞ்சுத் தூசியை அது இறக்கிடும்."

"வெல்லம் வயித்துக்குப் போகும். தூசி போறது நுரையீரலுக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்திருப்பாங்களே, அன்னிக்கு நீங்க லீவா?"

சபாநாதன் தலையைச் சொறிந்தார். "முகமூடியும் வாங்கி வெச்சிருக்கேன், அம்மா. உசத்தி ரகம். இருபது."

"போடறாங்களா?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வெப்போம். ஆபீசர் வந்தா எடுத்துக் கொடுப்போம். தினம் போட்டா அழுக்காயிடுமே!"

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க ஒரு தடவை வந்து காலடி வெச்சாப் போதும்..."

"கிளம்புங்க."

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு செங்கமலம் மூட்டையில் மாவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நேராக அவளிடம் போனார்.

"ஐயோ அம்மா, அங்கே போகாதீங்க!"

சபாநாதன் ஆபீசுக்கு ஓடினார். மூச்சிரைக்க ஒரு முகமூடியோடு திரும்பி வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மேலே குங்குமப் பொட்டு.

"முதல்ல இதைப் போட்டுக்கங்க. பொல்லாத தூசி. உள்ளே போனா வெளியே வராது."

"அது தெரியுமா உங்களுக்கு?"

"முப்பது வருஷமாப் பார்க்கிறேன், தெரியாதா?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். உறையைக் கிழித்து, முகமூடியைச் செங்கமலத்தின் முகத்தில் மாட்டினார்.

"யம்மா, மொதலாளி ஏசுவாரு!"

"ஏசட்டும். நீ மூச்சு விடு." அம்மா சபாநாதன் பக்கம் கையை நீட்டினார். "அடுத்தது."

"உங்களுக்குத்தானே கொண்டுவந்தேன்..."

"அடுத்தது."

பீரோ காலியானது.

"தீர்ந்துபோச்சு, அம்மா. ஆள் இன்னும் பன்னிரண்டு பேர் நிக்கிறாங்க."

"ஆலையை நிறுத்துங்க."

"நிறுத்தறதா! எத்தனை நாளைக்கு?"

"மிச்ச முகமூடி வரணும். தூசியை உறிஞ்சற மெஷின் வரணும். செங்கமலத்தை டாக்டர் பார்க்கணும்."

"அதுக்கெல்லாம் மாசக்கணக்கா ஆகுமே, அம்மா!"

"இப்போ எனக்காக ஓடினீங்களே, அந்த ஓட்டம் ஓடுங்க. ஆகாது."